வெறும் லாரியின் எடை

எங்கள் வீட்டு எவர்சில்வர் குவளைகளில் ஒன்றின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் வைத்த பொட்டு ஒன்று இருக்கிறது. கடுகைவிடச் சற்றுப் பெரியது. 2017 செப்டம்பரில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். அன்று மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நானே தேநீர் கலக்கிக் குடித்து, நானே கழுவிக் கவிழ்க்கும்போது கண்ணில் பட்டது. மற்ற ஐந்து குவளைகளையும் திருப்பிப் பார்த்தேன். எதிலும் பொட்டு இல்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அது என்னவென்று அவளிடம் கேட்க எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அப்போதும் நானாகக் கேட்கவில்லை. தங்கை மகள் கொண்டுவந்த, காசநோய் பற்றிய ஒரு கேள்வித்தாள் கேட்க வைத்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் சுங்கை சிப்புட் என் ஊர். பெயரைச் சொன்னால் சிலர் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பார்கள். சரித்திரம் படித்தவர்கள், 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்ற இடம் என்பார்கள். எனக்கு அது தோட்டங்களுக்கு நடுவே ஒரு பட்டணம், அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அப்பா பால் வெட்டினார். நானும் தங்கையும் பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு துடைத்தோம். பிறகு தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது, லயத்தை உடைத்தார்கள், நாங்கள் பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்தோம். செம்பனை ஆலையில் எடைமேடையில் எடை குறிக்கும் கிராணியாக 26 ஆண்டுகள் வேலை செய்தேன்.

எடைமேடையில் கற்றுக்கொள்ள ஒரே பாடம்தான் உண்டு. பழக்குலை ஏற்றிய லாரி மேடை மேல் ஏறும்போது ஓர் எடை. குலையைக் கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது இன்னோர் எடை. கழித்தால் வருவது பழம். சக்கரத்தில் அப்பிய செம்மண், பின்னால் கட்டிய தண்ணீர்ப் பீப்பாய், உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் உதவியாள் எல்லாமே முதல் எடையில் பழமாக வேடம் போடும். வெறும் லாரியின் எடை தெரியாதவன் பழத்தின் எடையைச் சொல்லவே முடியாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

2017-இல் இரண்டு மாதமாக விடாத இருமல். தனியார் கிளினிக் ஒன்றில் இரண்டு முறை மருந்து வாங்கினேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அங்கே யாரும் சொல்லவில்லை. 63 கிலோ இருந்தவன் 54-க்கு இறங்கினேன். கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் சளியைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, காசநோய் என்றார்கள். தாதி ‘தீபி’ என்றார். ஆலையில் இருந்த மலாய் நண்பர் ‘பாத்தோக் கெரிங்’ என்றார். உலர்ந்த இருமல் என்று அர்த்தம், பழைய மலாய் வழக்கு. என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ‘எலும்புருக்கி’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உன்னைச் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய்விடுவார்களா?” என்று கேட்டார். சுங்கை பூலோ 1930-இல் திறந்த குஷ்டரோகக் குடியிருப்பு. காசநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அம்மாவின் காலத்துத் தோட்டத்தில் பெரிய நோய் என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது, போனவர் திரும்பாமல் இருப்பது. அந்தப் பயத்துக்குக் கிருமியின் பெயர் ஒரு பொருட்டே இல்லை.

கிருமியின் பெயர் உலகத்துக்குத் தெரிந்து வெகுகாலம் ஆகிறது. 1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் பெர்லினில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கிறது. காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் கூட இருப்பவருக்குத் தொற்றுகிறது. குவளையில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, தட்டில் வருவதில்லை, துணியில் வருவதில்லை. கோக் சொல்லி 135 ஆண்டுகள் கழித்து எங்கள் தெருவில் அது குடியினால் வருகிறது என்று முடிவாயிற்று. நான் குடிப்பவன் அல்ல. குடிக்காதவனுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி எழுந்தபோது, ‘யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பான்’ என்ற பதிலும் கூடவே எழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வைத்தியம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பூட்டால் என்று நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். தினமும் கிளினிக்குக்குப் போய்த் தாதியின் கண்முன்னே விழுங்க வேண்டும். ரிஃபாம்பிசின் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டியே தெரியாவிட்டால் ரத்தம் என்று பதறிவிடுவோம். மருந்து நன்றாக வேலை செய்தால் இரண்டு வாரம் போல ஆனதும் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இதை ஒரு தாளில் எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்ளலாமா என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

கிளினிக் வாசலில் மோட்டாரை நிறுத்தினால் சாலையில் போகிற எல்லோரும் நம்பர் பிளேட்டைப் படித்துவிடுவார்கள். அதனால் பாசாருக்கு (சந்தைக்கு) பின்னால் மீன்காரர்கள் தண்ணீர் ஊற்றும் இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். கையில் ஒரு கீரைக்கட்டு. காலை எட்டு மணிக்குக் கீரைக்கட்டோடு கிளினிக்குக்குள் நுழைந்தவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் ஆறு மாதமும் கீரைதான்.

ஆலையில் என்னை யாரும் திட்டவில்லை. “முதலில் உடம்பைப் பாருங்கள், வேலை எங்கே போகிறது?” என்றார்கள். திரும்பிப் போனபோது எடைமேடையில் என் நாற்காலியில் வேறொரு பையன் இருந்தான். எனக்குப் பின்கட்டில் தனி அறை, தனி மின்விசிறி, பழைய கோப்புகளை அடுக்கும் வேலை. சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. கோயிலிலும் அப்படித்தான். பங்குனி உத்திர அன்னதானத்தில் சாம்பார் வாளி 20 ஆண்டுகளாக என் கையில் இருந்தது. 2018-இல், வைத்தியம் முழுதாக முடிந்த பிறகு, வாளியைத் தூக்கப் போனேன். ஒரு தம்பி வந்து மிக அன்பாக, “அண்ணே, நீங்கள் உட்காருங்கள், பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றான். முதல் பந்தியில் உட்கார வைத்து இரண்டு வடை வைத்தார்கள். மறுவருடமும் இரண்டு வடை. அதற்கடுத்த வருடம் கோவிட் வந்து அன்னதானமே நின்றுபோனது. அதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2022-இல் தங்கை மகள் வந்தாள். அப்போது கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் ஒரு பயிற்சி: ஏற்கெனவே இருக்கும் ஓர் அளவுகோலைத் தமிழில் எழுதி, நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, அவர்களுக்கு என்ன புரிகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு இல்லை, புள்ளிவிவரம் இல்லை. சொற்கள் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மட்டும். “மாமா, காசநோய் வந்தவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை அளக்க ஒரு தாள் இருக்கிறது” என்றாள். எடைமேடைக்காரனிடம் அளவு என்று சொன்னால் காது நிமிராமல் இருக்குமா?

அந்த அளவுகோல் தென் தாய்லாந்தில் உருவாகி 2008-இல் வெளியானது. இரண்டு பகுதிகள். ஊர் நோயாளியை எப்படிப் பார்க்கிறது என்று 11 வாக்கியங்கள். நோயாளி தன்னை எப்படி உணர்கிறார் என்று 12. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றிலும் மறுப்பதிலிருந்து முற்றிலும் ஏற்பதுவரை நான்கு படிகள். பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், எண் இல்லாவிட்டால் யார் காதில் ஏறும்? மலேசியாவில் 2022-இல் மட்டும் 25,000-க்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது. அவர்கள் கீரைக்கட்டோடு நடக்கிறார்களா என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதாததற்குப் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

தமிழாக்கும் வேலை தலைப்பிலேயே இடறியது. அகராதி ‘களங்கம்’ என்றது. அம்மாவிடம் வாசித்தோம். “எந்தப் பெண்ணைப் பற்றி?” என்று கேட்டார். ‘தீட்டு’ என்று போட்டுப் பார்த்தோம். அது கோயில் வாசலில் போய் நின்றது. எங்கள் ஊரில் இதற்குப் பெயர்ச்சொல்லே இல்லை, வினைச்சொற்கள்தான் இருக்கின்றன: முகம் கொடுக்காமல் போனார்கள், ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், தள்ளி வைத்தார்கள். தலைப்பை எடுத்துவிட்டோம். தலைப்பு இல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்தது ‘சமூகம்’. முறைப்படி ஒருவர் தமிழில் எழுத வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட வேண்டும். காசநோயாளி தங்கள் சமூகத்தில் வசிப்பதைச் சிலர் விரும்புவதில்லை என்று நாங்கள் எழுதியது, இந்தியர்கள் நடுவே நோயாளி இருப்பதை விரும்புவதில்லை என்று திரும்பி வந்தது. தப்பு எழுதியவர்மேல் இல்லை. மலேசியத் தமிழ்ப் பத்திரிகையில் ‘சமூகம்’ என்றால் இந்தியச் சமூகம். மானியம் கேட்கும், வாக்குப் போடும் சமூகம். எங்கள் தாமானிலோ ஒரு பக்கம் மலாய்க்காரர், எதிரே சீனர். ‘உங்கள் தெருவில்’ என்று மாற்றினோம்.

‘சிலர்’ என்ற சொல் இன்னொரு கூத்து. மூலத்தில் எல்லா வாக்கியமும் சிலர் இப்படி நினைக்கிறார்கள் என்றுதான் வருகிறது. நேரடியாக நீ ஒதுக்குவாயா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள், அதனால் சுற்றிக் கேட்கிறார்கள், நல்ல யோசனை. ஆனால் சின்ன ஊரில் சிலருக்கு முகவரி உண்டு. ஒரு பாட்டி பாதியில் நிறுத்தி, “யார் அப்படிச் சொன்னது? அந்த மூலை வீட்டுக்காரியா?” என்று கேட்டார். அதன்பின் எந்தக் கேள்வியும் காசநோயைப் பற்றியதாக இல்லை. எல்லாம் மூலை வீட்டைப் பற்றியதாகிவிட்டது. ‘இங்கே இல்லாத ஒரு தாமானில்’ என்று கற்பனை ஊர் ஒன்றை முன்னால் வைத்தபோதுதான் பேச்சு தாளுக்குத் திரும்பியது.

நான்கு படிகளுக்கு ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று எழுதினால் தேர்தல் மேடைபோல இருக்கிறது. கேட்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள்; அது ஆமாமா, மரியாதையா என்று தெரியவில்லை. தங்கை கணவர் ஒரு பை ரப்பர் கொட்டை பொறுக்கி வந்தார். சிறுவயதில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து முஷ்டியால் குத்தி எது உடைகிறது என்று பார்ப்போமே, அதே கொட்டை. ஒவ்வொருவர் கையிலும் மூன்று கொடுத்து, ஒரு தட்டை முன்னால் வைத்தோம். சுத்தமாக இல்லை என்றால் ஒன்றும் வைக்க வேண்டாம். கொஞ்சம் என்றால் ஒன்று, நிறைய என்றால் இரண்டு, அப்படியே உண்மை என்றால் மூன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் வைத்தார். யோசித்து, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்தார். தலையாட்டலில் அது நடக்காது.

தாய்லாந்துத் தாள் நண்பரோடு சாப்பிடுவதைத் தனியாகவும் உறவினரோடு சாப்பிடுவதைத் தனியாகவும் கேட்கிறது. தொடுவதைத் தவிர்ப்பது பற்றியும் ஒரு வாக்கியம் உண்டு. இங்கேதான் பக்கத்துப் பக்கத்து வீடுகளே வேறு வேறு தேசம் ஆகின்றன. சீன வீட்டில் கறி எல்லாம் மேசை நடுவே. எல்லோர் குச்சியும் ஒரே கிண்ணத்துக்குள் போகும். எங்கள் ஆலை லாரி ஓட்டிய சீன நண்பருக்கு இதே நோய் வந்தபோது, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முதன்முறையாகப் பொதுக் கரண்டி வந்ததாம். அவருக்கு அது இடி. எங்கள் வீட்டில் தட்டு ஏற்கெனவே தனித்தனி. வாழையிலையோ சாப்பிட்டதும் மடித்து எறிவது. கல்யாணப் பந்தியில் நோயாளியை யாரும் பிரித்து வைக்கத் தேவையே இல்லை, ஆகவே பிரித்தது வெளியே தெரியாது. எங்களிடம் எல்லாம் குவளையில்தான் தெரியும். முந்தைய தலைமுறைத் தோட்டத்து ஒட்டுக்கடைகளில் சாதி பார்த்துக் குவளை கொடுத்த கதை எங்கள் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தனிக் குவளை என்றாலே வயிற்றில் ஏதோ புரளும். மலாய்க்காரர்களிடம் குவளை அல்ல, கை. சலாமுக்கு நீட்டிய கையை ஒருவர் பார்க்காததுபோல இருந்துவிட்டால் அன்றைக்கெல்லாம் அதே பேச்சு. நாமோ கைகூப்புகிறவர்கள், நம்மைத் தொடாமல் இருந்துவிட்டுப் போனாலும் நமக்குத் தெரியாது. ஒரே வாக்கியம், மூன்று வீட்டில் மூன்று எடை. மொத்த எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த இனத்தார் அதிகம் ஒதுக்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்யாணத்தைப் பற்றித் தாய்லாந்துத் தாளில் எதுவும் இல்லை. தங்கை மகளிடம் இன்னொரு முறையும் இருந்தது; மிட்செல் வைஸ் என்ற மனநல மருத்துவரின் பெயரோடு சேர்ந்து பேசப்படும் ‘எமிக்’ என்ற நேர்காணல் முறை. இந்தியா, வங்காளதேசம், மலாவி, கொலம்பியா என்று நான்கு நாடுகளில் காசநோயாளிகளிடம், ஆண் பெண் வேறுபாட்டோடு சேர்த்து அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் கல்யாணம் பற்றிக் கேட்கிறார்கள். நம் வீடுகளில் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டும் பயனில்லை. அதேபோல, எய்ட்ஸ் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தைத் தாய்லாந்துத் தாள் கேட்கிறது. எங்கள் தெருவில் அதற்கு ஒரு கொட்டைகூட விழவில்லை. குடியைப் பற்றிய வாக்கியத்துக்கு மூன்றும் விழுந்தன.

நோயைப் பரப்பிவிடக் கூடாது என்று நோயாளி விலகி இருப்பதையும் அந்தத் தாள் மனக்காயக் கணக்கில்தான் சேர்க்கிறது. கோவிட்டுக்குப் பிறகு இதற்கு எல்லோருமே மூன்று கொட்டை வைக்கிறார்கள், பெருமையாக. அது காயமா, பொறுப்பா? கூட்டுத்தொகைக்கு வித்தியாசம் தெரியாது.

நான் மறக்காத ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அக்காள். எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் பேச ஒப்புக்கொண்டார். ஊர் ஒதுக்கியதா? கொட்டை இல்லை. நண்பர்கள் விலகினார்களா? இல்லை. உறவினர் கூடச் சாப்பிடத் தயங்கினார்களா? இல்லை. தட்டு கடைசிவரை காலியாகவே இருந்தது. மூன்று கொட்டைகளும் அவர் மூடிய கைக்குள். எழுந்தபோது திருப்பிக் கொடுத்தார், வியர்வையில் நனைந்து சூடாக இருந்தன. தாளின்படி சுங்கை சிப்புட்டிலேயே பாக்கியசாலி அவர்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: மாத்திரைக்குத் தினமும் வேறு பட்டணத்துக் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போய் வந்தாராம். புருஷனிடம் பகுதிநேர வேலை என்று சொல்லியிருக்கிறார். ஆறு மாதமும், மாதக் கடைசியில் சீட்டுப் பணத்தை எடுத்துச் சம்பளம் என்று அவர் கையில் கொடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

யாரிடமும் சொல்லாதவரை யார் ஒதுக்க முடியும்? ஊரெல்லாம் தெரிந்த எனக்கு எண் மேலே போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த அந்த அக்காளுக்குப் பூஜ்யம். படித்தவர்கள் இதை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: நடந்த ஒதுக்கல், நடந்துவிடுமோ என்ற அச்சம், தன்னைத்தானே தாழ்வாக நினைப்பது. பிரிப்பு சரிதான். ஆனால் அச்சம் முழுமையாக வென்றுவிட்ட இடத்தில் நடந்த ஒதுக்கல் பூஜ்யமாகிவிடும் என்பதை அந்த வாசலில்தான் நான் பார்த்தேன். அன்று இரவே தாளின் முதல் வரியை மாற்றினோம். எதையும் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்: உங்களுக்கு இந்த நோய் என்று யார் யாருக்குத் தெரியும்? வீட்டில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்துக்கு எந்தக் கிளினிக், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஏன் பக்கத்தில் உள்ளது இல்லை? கடைசிக் கேள்விக்குக் கொட்டையே தேவையில்லை.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. எல்லாவற்றுக்கும் மூன்று மூன்றாக வைத்தார். வீட்டுக்கு யாரும் வருவதில்லை, விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை, அண்ணன் தம்பி பேசுவதில்லை. தங்கை மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மேடைமேல் ஏறும் லாரி ஞாபகம் வந்தது. “அண்ணன் தம்பி எப்போதிலிருந்து பேசுவதில்லை, ஐயா?” என்று கேட்டேன். வீடு விற்ற தகராறு, நோய் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பாம். அவர் தனிமை பொய்யில்லை. ஆனால் அது முழுவதும் காசநோயின் எடை இல்லை. அதனால் சொல்கிறேன், அளக்கப் போகிறவர்கள் அதே கேள்விகளில் சிலவற்றை இனிப்புநீர் வியாதி (நீரிழிவு) உள்ளவரைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். நோயாளியிடம் நோய்க்கு முந்தைய தீபாவளிக்கு யார் வந்தார்கள் என்றும் கேளுங்கள். கழித்துப் பார்த்த பிறகு மிச்சம் இருப்பதைப் பேசலாம்.

ஆலையில் வேலை செய்த வங்காளதேசத்துத் தம்பி ஒருவரிடம் மலாயில் வாசித்துக் காட்டினோம். அவருக்கு நோய் இல்லை. இருமல் வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டோம். சிரித்துவிட்டார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. காசநோய் என்றால் தகுதியில்லை என்று வரும், பெர்மிட் போகும், ஊருக்கு அனுப்புவார்கள். “ஊர் என்ன நினைக்கும் என்பதா, அபாங்? முதலாளி என்ன நினைப்பார் என்று கேளுங்கள்” என்றார். அவர் மறைப்பதற்குப் பெயர் வெட்கம் இல்லை, சட்டம். அவர் வைக்கும் கொட்டையையும் அந்த அக்காளின் கொட்டையையும் ஒரே பைக்குள் போடக் கூடாது.

நான் கூடப் போனதே ஒரு பிழை. நான் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு கொட்டை கூடுதலாக வைத்தவர்களும் உண்டு. சாம்பார் வாளி விஷயம் தெரிந்தவர்கள் சங்கடப்பட்டுக் குறைத்து வைத்ததும் உண்டு. சக்கரத்து மண் நான்தான். கடைசி இருவரிடம் அவள் தனியாகப் போனாள். தாமானுக்குள் அரசாங்க வேனிலோ, பெயர் எழுதிய சட்டையோடோ போகாதீர்கள். வேன் நின்ற வீட்டை ஊர் மறக்காது. அளக்க வந்தவரே அளக்க வேண்டியதைக் கூட்டிவிட்டுப் போவார். சொல்லும் முக்கியம். 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பதிவேட்டுச் சொற்களிலிருந்து ‘சந்தேக ஆள்’, ‘தவறியவர்’ என்ற பொருள் தரும் பழைய சொற்களை எடுத்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் மொழி அது. நம் வாயில் இன்னும் இருக்கிறது: மருந்தை விட்டவரை ‘ஓடிப்போனவர்’ என்கிறோம், ஏதோ கடன் வாங்கியவர்போல.

குடும்பத்தாரில் ஒருவரிடமும் கேட்க வேண்டும் என்று இருந்ததால் என் மனைவியே உட்கார்ந்தாள். உறவினர் நோயாளியோடு சாப்பிட, குடிக்கத் தயங்குவார்களா? தட்டில் ஒன்றும் வைக்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. நான் எழுந்துபோய் அந்தக் குவளையை எடுத்துவந்து அவள் முன்னால் கவிழ்த்து வைத்தேன். தங்கை மகள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

மனைவி பொட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இதையா இத்தனை வருடம் மனத்தில் வைத்திருந்தீர்கள்?” என்றாள். “வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் குவளை அவர் குடித்தது என்று கண்ணாலேயே தேடினார்கள். உங்கள் தங்கை மாமியார்கூடத் தேடினார். தேடுவதை நீங்கள் பார்த்துவிடக் கூடாதென்று, கொடுக்கும்போது மாறாமல் கொடுக்க அடியில் குறி வைத்தேன். நீங்கள் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று கண்டேனா?”

கொட்டையை வைக்கவா வேண்டாமா என்று தங்கை மகள் கேட்டாள். வேண்டாம் என்று மனைவி சொன்னாள். சற்றுப் பொறுத்து, வருகிறவர்களுக்காக இரண்டு வைத்தாள். தாளில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டோம். தங்கை மாமியார் விஷயத்தை மட்டும் எழுதவில்லை.

தாளின் கடைசியில், நாங்கள் கேட்க மறந்தது என்ன என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். பலர் ஒன்றுமில்லை என்றார்கள். மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அப்போது மூன்றாவது மாத மருந்தில் இருந்தவர், இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொன்னார். “கிளினிக் எத்தனை மணிக்கு மாத்திரை கொடுக்கிறது என்று கேளுங்கள், அக்கா. எட்டு மணிக்கு மேல்தான் கிடைக்கிறது. எனக்கு எட்டு மணிக்கு வேலை. தினமும் தாமதமாகப் போகிறவனிடம் முதலாளி தவுக்கே காரணம் கேட்காமல் இருப்பாரா? ஏழு மணிக்கு ஒரு தாதி இருந்தால் நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.”